தேசிய கீதம் பாடிக் காட்டு

மெக்சிகோவில் குடிமகன் என்று நிரூபிக்க அடையாள அட்டை போதும். கறுப்பராக இருந்தால் மட்டும் கூடவே கொஞ்சம் சங்கீத ஞானமும் வேண்டும்.

பசிபிக் கரையோரம் ஓடும் 200-ஆம் எண் நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி. பேருந்தில் காவலர் ஏறுகிறார். வெளிர்நிறத்தார், மாநிறத்தார் எல்லோரையும் கடந்து நேராக வந்து, கறுத்த தோலும் சுருட்டை முடியும் உள்ள ஒருவர் முன்னால் நிற்கிறார். அவர் அட்டையை நீட்டுகிறார். அட்டை அசல்தான். முகம்தான் போலியாகப் படுகிறது காவலருக்கு. "எங்கே, தேசிய கீதம் பாடு பார்க்கலாம்."

கதைக்காக நான் கட்டிய காட்சி என்று நினைக்க வேண்டாம். அந்தக் கரையோரத்து மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சலித்த புகார் இது. பாடியும் தப்பாதவர்கள் உண்டு. ஓவஹாக்கா மாநில அரசின் அதிகாரி ஒருவரே 2016-இல் பிபிசியிடம் சொன்னார்: மெக்சிகோ அடையாள அட்டை கையில் இருந்தும், "மெக்சிகோவில் கறுப்பர் கிடையாது" என்று போலீஸ் அடித்துச் சொல்லி, ஒருவரை ஹோண்டுராசுக்கும் இன்னொருவரை ஹெய்ட்டிக்கும் நாடு கடத்திவிட்டது. பிறந்த மண்ணுக்குத் திரும்ப அவர்கள் அயல்நாட்டில் இருக்கும் மெக்சிகோ தூதரகத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. மன்னிப்பும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. அதனாலென்ன, அரசு செலவில் ஒரு வெளிநாட்டுப் பயணம் கிடைத்ததே.

அந்தக் கீதத்தின் பிறப்புச் சான்றிதழையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். வரிகளை எழுதிய கவிஞர் போக்கனேக்ரா தேசிய கீதத்துக்கான போட்டியில் கலந்துகொள்ள மறுத்தாராம். அவருக்கு நிச்சயமான பெண் அவரை ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டி, எழுதி முடித்த பிறகுதான் திறந்துவிட்டாளாம். 1854-இல் அரங்கேறிய அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்ட ஹைமே நூனோ ஸ்பெயினின் கட்டலோனியாவில் பிறந்தவர். ஆக, பரதேசி போட்ட மெட்டைப் பிசகாமல் பாடுகிறவனே சுதேசி.

அந்தக் கரைக்குக் கோஸ்தா சீக்கா என்று பெயர். அகபுல்கோவிலிருந்து தென்கிழக்கே கெரேரோ மாநிலத்தைக் கடந்து ஓவஹாக்காவுக்குள் நீளும் வெப்பக் கரை. ஸ்பானியர் வந்ததும் அவர்களோடு வந்த கொள்ளைநோயில் பூர்வகுடிகள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். நிலம் மிஞ்சியது, ஆள் இல்லை. மாட்டுப் பண்ணைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் பிடித்து வந்தார்கள். காலனிய ஆட்சிக் காலத்தில் மெக்சிகோவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் சுமார் 2 லட்சம் பேர் என்பது வரலாற்று ஆசிரியர்களின் கணக்கு. குதிரையில் ஏறி மாடு விரட்டக் கற்றவன் குதிரையிலேயே தப்பி ஓடவும் கற்றுக்கொண்டான். ஓடியவர்களுக்கும் இந்தக் கரைதான் ஒதுங்க இடம் தந்தது.

நமக்கும் இதில் ஒரு மூலை உண்டு. 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து அகபுல்கோவுக்குக் கப்பல் போய்வந்தது. பட்டும் பீங்கானும் போன அதே கப்பலில் மனிதர்களும் சரக்காகப் போனார்கள். வங்காளத்தில், மலபாரில், சோழமண்டலக் கரையில் பிடித்து விற்கப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அங்கே ஒரே முத்திரை: சீனர். 1672-இல்தான் அவர்களுக்கு விடுதலை ஆணை வந்தது. நம் ஊர்க் கறுப்பும் அந்தக் கரையில் எங்கோ கரைந்து கிடக்கிறது. அதே கப்பலில் வந்த பிலிப்பைன்ஸ் ஆட்கள் கரையோரம் கள் இறக்கக் கற்றுக்கொடுக்க, ஸ்பெயின் மதுவின் வியாபாரம் படுத்துவிட்டது என்று 1619-இல் ஒரு கப்பல் தளபதி அரசருக்குப் புகார் எழுதியிருக்கிறார். கள்ளுக்குத் தடை கேட்கும் புத்தி எந்தக் கரையில்தான் இல்லை!

நிறத்தில் மெக்சிகோவுக்கு அக்கறை இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் அதற்கென்றே ஓவிய வகை ஒன்றை வளர்த்தார்கள். தெபோட்சோட்லானில் இருக்கும் வைஸ்ராய் ஆட்சிக்கால அருங்காட்சியகத்தில் பெயர் பெற்ற படம் ஒன்று தொங்குகிறது. ஒரே சட்டத்தில் 16 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அப்பன், ஒரு ஆத்தாள், ஒரு பிள்ளை. அப்பன் இன்ன நிறம், ஆத்தாள் இன்ன நிறம், ஆகவே பிள்ளை இன்ன சாதி. ஸ்பானியனும் பூர்வகுடிப் பெண்ணும் சேர்ந்தால் மெஸ்திசோ. ஸ்பானியனும் கறுப்புப் பெண்ணும் சேர்ந்தால் முலாட்டோ. கீழே போகப் போக வரைந்தவருக்கே களைத்துவிட்டது போலும்: ஒரு பிள்ளைக்கு 'ஓநாய்' என்று பெயர், ஒரு பிள்ளைக்கு 'பின்னே தாவியவன்', ஒன்றுக்கு 'அந்தரத்தில் நில்', இன்னொன்றுக்கு 'நீ எனக்குப் புரியவில்லை'. பெற்ற குழந்தையைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. மனுநூலின் பத்தாம் அத்தியாயத்தைப் பெற்றெடுத்த நாட்டுக்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல என்பதால் விளக்கத் தேவையில்லை. நாம் எழுதிவைத்தோம், அவர்கள் வண்ணம் தீட்டி மாட்டினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்பெயினிடமிருந்து விடுதலை வந்தது. 1822-இல் ஓர் ஆணை: இனி எந்த ஆவணத்திலும் குடிமக்களை இனம் பிரித்து எழுதக் கூடாது. எவ்வளவு உயர்ந்த எண்ணம்! ஏட்டிலிருந்து சாதி போனது. பண்ணையிலிருந்து போனதா, கோயிலிலிருந்து போனதா, கல்யாணப் பேச்சிலிருந்து போனதா என்று எவரும் கேட்கவில்லை. நூறு வருஷம் கழித்து, 1921 மக்கள்தொகைக் கணக்கில் இனம் திரும்ப வந்தது. பூர்வகுடிக்கு ஒரு கட்டம், கலப்பினத்துக்கு ஒரு கட்டம், வெள்ளையருக்கு ஒரு கட்டம். கறுப்பருக்குக் கட்டம் போட மறந்துவிட்டார்கள். மனிதர்கள்தானே, மறதி இருக்கும்.

மறதிக்குத் தத்துவ ஆதாரமும் கிடைத்தது. கல்வி அமைச்சராக இருந்து நாடெங்கும் நூலகம் திறந்தவர், சுவரோவியர்களுக்குச் சுவர் கொடுத்தவர் ஹோசே வாஸ்கொன்செலோஸ். அவர் 1925-இல் எழுதிய 'லா ராசா கோஸ்மிக்கா' இனங்கள் எல்லாம் கலந்து ஒரு பிரபஞ்ச இனம் உருவாகும் என்று கனவு கண்டது. எல்லோரும் கலக்கலாம் என்றதும் நாமும் கைதட்டப் போவோம். அடுத்த பக்கத்தைப் புரட்டினால், கறுப்பருக்கு அந்தக் கலவையில் வகுத்த பங்கு தெரியும்: அவர்கள் தாங்களாகவே விரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோய், அதன் வழியாக மீட்சி அடைய வேண்டுமாம். என்ன பெருந்தன்மை! விரட்டவில்லை, வெட்டவில்லை. நீயாகவே இல்லாமல் போய்விடு, உனக்கு மோட்சம் நிச்சயம் என்கிறார். இந்த ஆசாமிதான் ஒரு நாட்டின் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் வகுத்தவர்.

இத்தனைக்கும் அந்தக் கரை எந்த மாநிலத்தில் தொடங்குகிறதோ அதற்கே ஒரு கறுப்பு வம்சாவளிக்காரர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். விசென்ட்டே கெரேரோ. கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிப் பிழைத்த குடும்பம். விடுதலைப் போரில் கடைசிவரை மலையில் நின்றவர், நாட்டின் இரண்டாவது அதிபர். 1829 செப்டம்பர் 15-இல் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டார். அமெரிக்காவில் அதே காரியத்தைச் செய்ய இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. பதிலுக்கு நாடு அவருக்கு என்ன செய்தது? அந்த வருஷம் முடிவதற்குள் பதவியிலிருந்து இறக்கியது. ஆளத் தகுதியற்றவர் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் போட்டது. பிக்காலூகா என்ற இத்தாலியக் கப்பல் தலைவனுக்கு 50,000 பெசோ கொடுத்தது. அவன் அகபுல்கோவில் தன் கப்பலுக்கு விருந்து சாப்பிட வரச்சொல்லி, வந்தவரைக் கட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தான். 1831 பிப்ரவரி 14-இல் சுட்டுக் கொன்றார்கள். ஆள் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் கழித்து, 1849-இல், ஒரு மாநிலத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். கறுப்பரைக் கௌரவிக்க அந்த நாட்டுக்குத் தெரிந்த முறை இதுதான். உயிரோடு இருக்கும்போது வயிற்றில் குண்டு, செத்தபின் தலையில் கிரீடம். இன்று அவர் உயிரோடு வந்து தன் பெயர் தாங்கிய மாநிலத்தில் பேருந்து ஏறினால், பாடச் சொல்ல மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

2005-ஐயும் விட்டுவிட முடியாது. அந்த மே மாதம் அதிபர் விசென்ட்டே ஃபாக்ஸ், அமெரிக்காவில் மெக்சிகோத் தொழிலாளிகள் கறுப்பர்கள்கூடச் செய்ய விரும்பாத வேலைகளைச் செய்கிறார்கள் என்று பெருமையாகத் திருவாய் மலர்ந்தார். உலகம் முகம் சுளித்தது. அடுத்த மாதமே அவரது அரசு ஐந்து அஞ்சல் தலைகள் கொண்ட வரிசை ஒன்றை வெளியிட்டது. படக்கதை நாயகன் மெமின் பிங்குவின்: குரங்குச் சாயலில் வரைந்த கறுப்புச் சிறுவன், தடித்த உதடு, விரிந்த காது. அச்சிட்டது 7,50,000 தலைகள். வெள்ளை மாளிகை கண்டித்தபோது, வாஷிங்டனில் இருந்த மெக்சிகோ தூதரகம் சொன்ன சமாதானம் இருக்கிறதே, அதை அஞ்சல் தலையாகவே அச்சிடலாம்: மெக்சிகோக்காரனாக வரும் ஸ்பீடி கொன்சாலஸ் கார்ட்டூனைப் பார்த்து நாங்கள் கோபித்துக்கொண்டோமா? அது எலி, ஐயா. எலிக்குக் கோபம் வராது. கோஸ்தா சீக்காவின் கறுப்பர் அமைப்பினர் தங்கள் அதிபருக்கே கண்டனக் கடிதம் எழுதினார்கள். அஞ்சல் தலைகளோ சுடச்சுட விற்றுத் தீர்ந்தன. இல்லாத ஆட்களின் படத்துக்கு அவ்வளவு கிராக்கி!

ஆட்கள்தான் இல்லையே தவிர, அவர்களுடைய பாரம்பரியத்தின் மீது அரசுக்கு அளவு கடந்த காதல். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று எடுத்து எடுத்துப் பரிமாறுகிறார்கள். கைக்குட்டை வீசி ஆடும் சிலேனா வேண்டும். பள்ளி விழாவில் வெள்ளைக் குழந்தைகள் ஆடுவதற்கு. 'சபோர் ஆ மீ' பாட்டு வேண்டும். லத்தீன் அமெரிக்காவின் கல்யாண வீடுகளில் எல்லாம் உருகுவதற்கு. அதை இயற்றிய ஆல்வாரோ கரீய்யோ இதே கரையின் கக்காவாத்தெப்பெக் ஊர்க்காரர், ஆப்பிரிக்க வம்சாவளி என்பதை மட்டும் எவரும் முணுமுணுப்பதில்லை.

வட்ட வீடுகளும் வேண்டும். கம்பு கட்டி மண் பூசி, கூம்பாகப் புல் வேய்ந்த 'ரெதோந்தோ' வீடுகள் ஒரு காலத்தில் குவாஹினிக்குயிலாப்பா ஊர் முழுக்க இருந்தன. மானுடவியலாளர் கொன்சாலோ அகிர்ரே பெல்ட்ரான் 1940-களின் கடைசியில் அங்கே போய்த் தங்கி ஆய்ந்து, 1958-இல் 'குயிஹ்லா' என்ற புத்தகம் எழுதினார். ஆப்பிரிக்கச் சாயல் கொண்ட வீடுகள் என்று உலகம் வியந்தது. வியந்துகொண்டிருக்கையிலேயே அவை ஒவ்வொன்றாக விழுந்தன. இன்று அந்த ஊர் அருங்காட்சியக வளாகத்தில் மாதிரிக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். மனிதர் குடியிருந்தவரை அது குடிசை; காலியானதும் பாரம்பரியச் சின்னம்.

அர்தேசா என்று ஒரு மேடை. பரோத்தா மரத்தின் ஒரே துண்டை எடுத்து, உள்ளே குடைந்து, கவிழ்த்துப் போட்டு, ஒரு முனையில் குதிரைத் தலையோ காளைத் தலையோ, மறுமுனையில் வாலும் செதுக்குவார்கள். கல்யாண வீட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதன்மேல் வெறுங்காலோடு ஏறி மிதித்து ஆடுவார்கள். பாதமே மத்தளம். எந்தக் குதிரையை, எந்த மாட்டைப் பண்ணைக்காரனுக்காக வாழ்நாள் முழுக்க மேய்த்தார்களோ, அதன் முதுகில் ஏறி ஒரு ராத்திரியாவது மிதிப்பது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஆட்டம் ஏறக்குறைய நின்றே போனது. சான் நிக்கோலாஸ், எல் சிருவேலோ ஊர்களின் பெரியவர்கள் நினைவிலிருந்து அதை மீட்டார்கள்.

மக்களை மீட்பதற்கு வெளியூர்க்காரர் ஒருவரும் வேண்டியிருந்தது. கரீபியன் தீவான டிரினிடாடிலிருந்து 1984-இல் வந்து எல் சிருவேலோவில் பங்குத்தந்தையாக இருந்த கிளின் ஜெமட் முன்னின்று, 1997-இல் அதே ஊரில் கறுப்பர் ஊர்களின் முதல் சந்திப்பைக் கூட்டினார். பக்கத்து ஊரில் தங்களைப் போலவே ஆட்கள் இருப்பதை ஊர்கள் பேசத் தொடங்கின. கணக்கெடுப்பில் எங்களையும் எழுது என்று கேட்டார்கள். வீடு கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. எண்ணு என்றார்கள். அதற்கே ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது.

2015-இல் இடைக்காலக் கணக்கெடுப்பில் முதன்முறையாகக் கேட்டார்கள். 13,81,853 பேர் கைதூக்கினார்கள். 2020 முழுக் கணக்கெடுப்பில் அது 25,76,213 ஆனது. மக்கள்தொகையில் 2 சதவீதம். ஐந்தே வருஷத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு! பிறப்பு விகிதத்தைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள், அவ்வளவுதான். கேட்ட கேள்வியும் அழகானது. உங்கள் முன்னோரையும் பழக்கவழக்கங்களையும் பாரம்பரியத்தையும் வைத்துப் பார்த்தால், உங்களை ஆப்ரோமெக்சிகர் என்று கருதுகிறீர்களா? எத்தனை நாசூக்கு! சாவடிக் காவலருக்கு இந்த நாசூக்கு கிடையாது. அவர் எவருடைய பழக்கவழக்கத்தையும் விசாரித்ததில்லை. டார்ச் அடித்து முகத்தைப் பார்க்கிறார், முடிந்தது. எண்ணும்போது பண்பாடு, பிடிக்கும்போது தோல்.

2019 ஆகஸ்டில் அரசியல் சட்டத்தின் இரண்டாவது பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்து, ஆப்ரோமெக்சிக மக்களும் நாட்டின் பன்மைப் பண்பாட்டில் ஒரு பகுதி என்று அங்கீகரித்தார்கள். கெரேரோ அடிமைத்தளையை உடைத்து 190 வருஷம் ஆகியிருந்தது. 2024-இல் அதே பிரிவை மறுபடியும் திருத்தி, உரிமைகளை விரித்து எழுதினார்கள். எழுதட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த 2024 செப்டம்பர் மாதமே ஜான் புயல் இதே கரையில், மர்க்கேலியா பக்கம் மோதியது. அரசியல் சட்டத்தின் உட்பிரிவைக் கூரைமேல் போர்த்திக்கொள்ள முடியாது என்பது அப்போது தெரிந்தது. வாழ வழியில்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பிய இளைஞர்கள் அமெரிக்காவின் வட கரோலினாவரை போய்க் கிடக்கிறார்கள்.

அந்த ஊர்களில் வேறொரு சுரைக்காய் இருக்கிறது. உலர்ந்த சுரைக்குடுவையின் வாயில் தோலை இழுத்துக் கட்டி, நடுவில் மெழுகு பூசிய மெல்லிய குச்சி ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். விரல்களால் குச்சியை உருவினால் நம் உறுமிபோல அடிவயிற்றிலிருந்து உறுமும். அதற்குத் துணையாக ஒரு கழுதைத் தாடை எலும்பு. காய்ந்து பற்கள் ஆடும் அந்தத் தாடையைக் கையால் தட்டினால் பற்கள் கடகடக்கும், குச்சியால் தேய்த்தால் கறகறக்கும். மேலே ஒரு மவுத் ஆர்கன். இந்த மூன்றும் சேர்ந்தால் சைத்தான்களின் ஆட்டம் தொடங்கும்.

அக்டோபர் கடைசி நாள் முதல் நவம்பர் 2 வரை, செத்தவர்கள் வீடு திரும்பும் நாட்களில் ஆடுகிறார்கள். கந்தல் உடை, முகமூடி, குதிரை வால்மயிரில் தாடி, தலையில் கொம்பு. இரண்டு வரிசையாக நின்று, முதுகை வளைத்து, பூமி அதிர மிதித்து வீடு வீடாகப் போகிறார்கள். நடுவில் பெரிய சைத்தான் தெனாங்கோ, கையில் சவுக்கு. வரிசை பிசகினால் விளாசுகிறான். கூடவே அவன் பெண்டாட்டி மிங்கா. பாவாடையும் ரவிக்கையும் அணிந்த ஆண்தான் அவள். கையில் ஒரு பொம்மைப் பிள்ளை. இடுப்பை ஆட்டி ஊர் ஆண்களைச் சீண்டுகிறாள், பிள்ளையை எவன் மடியிலாவது போடப் பார்க்கிறாள். தெனாங்கோ யார் என்று கேட்டால் ஊரில் ஒரு விளக்கம் சொல்வார்கள்: பண்ணையின் கங்காணி. பகலெல்லாம் சவுக்கடி வாங்கியவர்கள் முகமூடிக்குள் இருந்துகொண்டு, அடித்தவனின் நடையை, அடித்தவனின் அதட்டலை, அடித்தவன் வீட்டு அந்தரங்கத்தை அப்படியே நடித்துக் காட்டினார்கள். இந்தக் கட்டுரையெல்லாம் அதன் கால்தூசு பெறாது. எழுதுகிறவனுக்கு முதுகில் தழும்பு இல்லை.

கலாச்சாரத் துறைக்கு இப்போது இந்த ஆட்டத்தின்மேல் கண். திருவிழா மேடையிலும் சுற்றுலா விளம்பரத்திலும் சைத்தான்கள் ஆடுகிறார்கள். ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, ஆளுக்கொரு சான்றிதழ். முன்வரிசையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் பெரிய மனிதர்கள். சவுக்கைச் சொடுக்கிக்கொண்டு தெனாங்கோ நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் நடையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், செல்போனில் படம் எடுக்கிறார்கள். அது யாருடைய நடை என்று பின்வரிசைக்குத் தெரியும். மிங்காவுக்கும் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி அவள் நேராக முன்வரிசைக்குத்தான் வருகிறாள்: பிடி, உன் பிள்ளை.